குதிரைக்குத் தண்ணி ஊத்திய வெள்ளிக்கிழமை

எங்கள் தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோருக்கு இராணுவக் குதிரைகள் வரப்போகின்றன என்று காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கங்காணி சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. அந்த ஸ்டோரை மூடிப் பல வருடமாகிவிட்டது. அதற்குள் நல்ல பாம்பு வந்திருக்கிறது, முள்ளம்பன்றி வந்திருக்கிறது, காதல் ஜோடிகள் வந்திருக்கிறார்கள். குதிரை வந்ததில்லை. "கங்காணி விடியக்காலையிலேயே போட்டுட்டாரு" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, பெரட்டே சிரித்தது. மறுநாள் மத்தியானம் இரண்டு பெரிய லொறிகள் புளத்கொகுபிட்டிய ரோட்டிலிருந்து தோட்டத்துப் பாதைக்குத் திரும்பி, ஒவ்வொரு வளைவிலும் இரண்டு தரம் பின்னுக்கு வந்து முன்னுக்குப் போய், ஒருவழியாக மேலே ஏறின. எட்டுக் குதிரைகள் இறங்கின. கங்காணி அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

குதிரைகளைப் பார்க்கிற வேலைக்கு என்னைப் போட்டது தோட்ட மனேஜர் துரை. நான் புள்ளமடுவத்து ஆயா. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் புள்ளமடுவம். இப்போது போர்டில் அதற்கு நீளமாக வேறொரு பெயர் எழுதியிருக்கிறார்கள், அதை யாரும் சொல்வதில்லை. இருபத்தாறு வருடம் அங்கே மூக்குத் துடைத்திருக்கிறேன். பிள்ளைகள் குறைந்துபோய் மடுவத்தை மூடியதிலிருந்து வீட்டில் சும்மா உட்கார்ந்து எல்லோரோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"காச்சக்காரப் புள்ளைங்களப் பிரிச்சு வச்சுப் பார்த்த பழக்கம் இருக்குதானே, ஆயா? இதுவும் அதே வேலதான்" என்றார் துரை.

"கடிக்குங்களா, தொர?"

"நீ பார்த்த புள்ளைங்க கடிச்சதில்லையா?"

கடித்திருக்கின்றன. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

குதிரைகளோடு வந்த டொக்டர் இராணுவத்து மிருக வைத்தியர், என் மகள் வயதுப் பெண். சிங்களத்தில்தான் பேசினார். எங்கள் பக்கத்தில் அது ஒரு பிரச்சினையே இல்லை, பாதிச் சண்டையை நாங்கள் சிங்களத்தில்தான் போடுகிறோம். அவர் சொன்னது இதுதான். அவர்களுடைய பெரிய லாயத்தில் குதிரைகளுக்குத் தொற்று நோய் வந்திருக்கிறது. காய்ச்சல் அடிக்கும், மூக்கில் சளி ஒழுகும், தாடைக்குக் கீழே கட்டி வீங்கி உடைந்து சீழ் வரும். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் ஒரு குதிரையிலிருந்து மற்றதற்கு வாளி, துணி, கை, எது கிடைத்தாலும் அதில் ஏறிப் போய்விடும். இந்த எட்டுக்கும் இன்னும் நோய் வரவில்லை. வருமா, வராதா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் சுற்றுவட்டாரத்தில் ஒரு குதிரைகூட இல்லாத எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தொடர்ந்து இருபத்தொரு நாள் ஒன்றுக்கும் காய்ச்சல் வராவிட்டால் எல்லாம் வீடு போகலாம். இடையில் ஒன்றுக்குக் கண்டாலும் நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அதுவரை கூட வந்த இரண்டு சிப்பாய்களுக்கும் லீவு கிடையாது. பதிலுக்கு ஆள் அனுப்பவும் வழியில்லை. குதிரை தெரிந்த மற்ற எல்லோரும் அங்கே நோயாளிக் குதிரைகளைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போய்விட்டது. புளத்கொகுபிட்டிய டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போய் எட்டு வாளி, எட்டுத் துவாய், எல்லாம் வெவ்வேறு நிறத்தில் வேண்டும் என்றேன். "தங்கச்சி, எட்டு நிறத்துக்கு நான் வானவில்லையா கொண்டு வாறது?" என்றார் நானா. ஐந்து நிறம்தான் கிடைத்தது. மீதிக்குப் புள்ளமடுவத்தில் செய்வதுபோல பெயின்றால் பூ, மீன், குடை வரைந்தேன். பூ வாளியில் மீன் குதிரை மூக்கை வைத்தால் நான் போடும் சத்தம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரைக்கும் கேட்கும். சிப்பாய்கள் ஒரு குதிரையைத் தொட்ட கையால் அடுத்ததைத் தொடப் போனால் "மல்லி, கை!" என்பேன். சிங்களத்தில் தம்பிக்கு மல்லி, அக்காவுக்கு அக்கே. மூன்றாம் நாள் அவர்கள் என்னைக் கண்டாலே இரண்டு கையையும் நீட்டிக் காட்டத் தொடங்கினார்கள். டொக்டர் வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமைகளில், ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, "அக்கே இருந்தா எனக்குப் பயமில்ல" என்றார். அந்தப் பாராட்டை நான் யாரிடமெல்லாம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

குதிரைகளும் பிள்ளைகளும் ஒன்றுதான். வெள்ளைக் குதிரை பக்கத்தில் ஆள் நின்றால்தான் சாப்பிடும். உயரமான மண்ணிறக் குதிரை கதவுக் கொண்டியை உதட்டாலேயே திறந்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். மழை பெய்தால் ரப்பர் மலையிலிருந்து அட்டைகள் வந்து கால்களில் ஏறும். போருக்குப் பயப்படாத சிப்பாய்கள் அட்டையைக் கண்டு துள்ளினார்கள். நான் சவர்க்காரத்தைத் தேய்த்து ஒவ்வொன்றாக விழுத்துவேன். ஒரே ஒரு வேலையை மட்டும் முதல் நாளே முடியாது என்று சொல்லிவிட்டேன். குதிரைக்குக் காய்ச்சல் பார்ப்பது வாயில் அல்ல. வாலைத் தூக்கி, பின்னால் நின்று, தெர்மோமீட்டரை உள்ளே வைத்து, அது காணாமல் போய்விடாமல் ஒரு நூலால் வால் மயிரில் கட்டி வைக்க வேண்டும். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். "முன்பக்கம் எல்லாம் நான் பார்க்கிறேன், பின்பக்கம் உங்க பாடு" என்று சிப்பாய்களிடம் சொன்னேன்.

இரண்டு சிப்பாய்களில் ஒருவருக்குத் தூக்கம்தான் தொழில். மற்றவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வரக்காப்பொலக்காரர், முப்பது வயது இருக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து அவர் வீட்டுக்கு, கேகாலையில் பஸ் மாறினாலும், மூன்று மணி நேரம்தான். வீட்டில் மனைவி நிறைமாதம். இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை பிறந்தபோது அவர் வடக்கில் காவல் கடமையில் இருந்திருக்கிறார். பிள்ளைக்கு நாலு மாதமான பிறகுதான் முகத்தைப் பார்த்தாராம். அன்று ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோகும்போது மனைவி வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்று மாமியார் சொன்னது அவருக்கு ஆறவே இல்லை. "இந்த முறை நான் வாசல்ல நிப்பேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், அக்கே" என்றார். ஸ்டோர் சுவரில் கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். இருபத்தொரு கோடு விழுந்த பிறகும் பிள்ளை பிறக்கப் பதினைந்து நாள் மிச்சம் இருக்கும். நல்ல கணக்குத்தான்.

ஆறாம் கோட்டில் கறுப்புக் குதிரைக்குக் காய்ச்சல் வந்தது. அதைத் தூரத்தில், முன்பு ரப்பர் பாலை எடை போட்ட கொட்டிலுக்கு மாற்றினோம். சிவப்புக் கயிறு கட்டினோம். தூக்கக்காரச் சிப்பாயை அதற்கென்றே ஒதுக்கினோம். சுவரில் இருந்த கோடுகளை வரக்காப்பொலக்காரர் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மீதி ஏழுக்கும் புதிதாக ஒன்று போட்டார். இனி இருபத்தொன்றும் சரியாக வந்தால்தான் அவர் நேரத்துக்கு வீடு போகலாம். நான் என் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் அங்கேதான் தொடங்கியது.

கறுப்புக் குதிரையின் தாடைக்குக் கீழே தேங்காய் அளவுக்கு வீங்கியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த லயத்துப் பெண்கள் ஒரே குரலில் சொன்னார்கள். "இது அம்மக்கட்டுதான்." பிள்ளைகளுக்குத் தாடை வீங்கினால் நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு விடுவோம். அந்தக் கழுத்துக்கு எட்டுகிற சங்கிலி தோட்டத்தில் யாரிடமும் இல்லை. கொட்டில் வாசலில் வேப்பிலை செருகினேன். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வேறு ஆள் போகமாட்டார்கள், அங்கிருந்து ஒரு பொருளும் வெளியே வராது. டொக்டர் சொன்னதும் அதைத்தானே? அவரே வேப்பிலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "நல்லது, இருக்கட்டும்" என்றார். பத்து நாளில் கட்டி உடைந்தது, சீழ் போனது, காய்ச்சல் விட்டது, கறுப்பு புல் கேட்டுக் காலைத் தட்டியது.

"காச்சல் போனாலும் மூக்குல கிருமி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், அக்கே. கயிறு அப்படியே இருக்கட்டும்" என்று டொக்டர் சொன்னார். கேட்டேன். ஆனால் எங்கள் பெண்கள் சொன்னது காதுக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது. "ஏக்கா, எறங்கி இத்தன நாளாச்சு, இன்னும் தண்ணி ஊத்தலயா? ஊத்தாம விட்டா அம்மா கோவிச்சிக்கிட்டு அடுத்ததப் பாக்கும்."

அம்மை இறங்கினால் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை ஊற்ற வேண்டும். முதலில் நோய் கண்டவருக்கு. பிறகு அதே அண்டாவில் மீதியை வீட்டில் இருக்கிற எல்லோருக்கும், அவர்களுக்கு வராமல் இருப்பதற்காக. புள்ளமடுவத்தில் எத்தனை பிள்ளைக்கு ஊற்றியிருக்கிறேன்!

பதினாறாம் கோடு, வெள்ளிக்கிழமை. தூக்கக்காரர் தவிடு வாங்க டவுனுக்குப் போயிருந்தார். வரக்காப்பொலக்காரர் முதல் நாள் இரவெல்லாம் ஃபோனில் மனைவியோடு பேசியதில் கண் சிவந்திருந்தார். "போய் அரை மணி நேரம் படுங்க மல்லி, நான் பாத்துக்கிறேன்" என்றேன். காவல் நேரத்தில் படுக்கக் கூடாது, ஆனாலும் படுத்தார். நான் வெயிலில் அண்டாவை வைத்தேன். மஞ்சள் அரைத்துக் கலக்கினேன். ஒரு பழைய சேலைத் துண்டை நனைத்து, கறுப்பின் முகத்தைத் துடைத்து, முதுகில் மூன்று சொம்பு ஊற்றினேன். அது கண்ணை மூடிக்கொண்டு சுகமாக நின்றது. பிறகு அதே அண்டா, அதே துண்டு, மற்ற ஏழுக்கும். ஒவ்வொன்றின் நெற்றி, கண், மூக்கு. கறுப்புத்தான் கடைசியாக இருந்திருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பூ வாளியில் மீன் குதிரை மூக்கு வைத்தால் கத்துகிற அதே ஆள்தான் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

எழுந்து வந்த வரக்காப்பொலக்காரர் மஞ்சள் வாசத்தைப் பிடித்துக்கொண்டு என்னவென்று கேட்டார். "அம்மாவுக்குத் தண்ணி ஊத்தினேன்" என்றேன். அவர் வீட்டுப் பக்கத்திலும் இந்த நோய்க்கெல்லாம் வேப்பிலை வைப்பார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பதினாறாம் கோட்டைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, இருபதாம் கோடு போட வேண்டிய நேரத்தில், வெள்ளைக் குதிரைக்கும் மண்ணிறத்துக்கும் காய்ச்சல். டொக்டர் எட்டு மணிக்கு வந்தார். அவர் முகம் நான் இதுவரை பார்க்காத முகம். தூக்கக்காரர் வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போனதால் அன்று இரண்டு பக்கமும் தனியாக நின்றவர் யார் என்று கடமைப் புத்தகத்தைப் புரட்டினார். வரக்காப்பொலக்காரர்.

அதே நேரத்தில்தான் அந்த மனிதருக்கு லீவு கேட்க வேண்டியிருந்தது. முதல் நாள் இரவு மனைவிக்கு வயிறு இறுகியதாம், நாள் முந்திவிடும் போல் இருக்கிறதாம். "இரண்டு நாள் மட்டும், மேடம்" என்றார். டொக்டர் புத்தகத்தை மூடினார். "கறுப்புக் குதிரையைத் தொட்டுட்டுக் கை கழுவாம மத்ததைத் தொட்டிருக்கே. ரெண்டு குதிரை படுத்திருக்கு. உனக்கு லீவா?" குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள், அதை அன்று கண்ணால் பார்த்தேன்.

வரக்காப்பொலக்காரர் என் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். படுத்ததைச் சொன்னால் தனக்குக் குற்றம். தண்ணீரைச் சொன்னால் எனக்கு. "சரி, மேடம்" என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். உண்மையாகவே போனேன். "அக்கே இருந்தா எனக்குப் பயமில்ல" என்று டொக்டர் சொன்னது, அதை நான் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது, எல்லாம் குறுக்கே வந்து நின்றது. வாளிகளைக் கழுவப் போய்விட்டேன். எட்டு வாளியையும் இரண்டு தரம் கழுவினேன். பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கினேன், யாரோடும் சண்டை போடவில்லை. என்ன சுகமில்லையா என்று கேட்டார்கள்.

புதன்கிழமை விடிந்து ஆறு மணிக்கு நான் ஸ்டோருக்கு வந்தபோது வரக்காப்பொலக்காரர் வாசலில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். "அம்மாவோட போ. எனக்கு வர ஏலாது. ஏலாதுன்னு சொல்றேன்தானே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என்னிடம், "ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, அக்கே" என்றார். பிறகு வெள்ளைக் குதிரையின் பக்கத்தில் போய் நின்றார், அது சாப்பிட வேண்டுமே.

எனக்கு வெட்கமாக இருந்தது. நேராக, டொக்டர் இரவு தங்கிய பழைய ஸ்டோர் ஆபீசுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தார்.

"மேடம், மல்லி மேல குத்தம் இல்ல. வெள்ளிக்கிழம நான்தான் குதிரைங்களுக்குத் தண்ணி ஊத்தினேன்."

"குதிரைக்குத் தண்ணி வைக்கிறதுதானே, அக்கே, உங்க வேல?"

வேப்பிலை, மஞ்சள், அண்டா எல்லாம் சொன்னேன்.

"ஒரே அண்டாவா?"

"ஒரே அண்டா."

"ஒரே துணியா?"

"ஒரே துணி."

"எந்தக் குதிரைக்கு முதல்ல?"

"கறுப்புக்குத்தான். நோய் கண்டவங்களுக்குத்தானே முதல்ல ஊத்தணும்."

டொக்டர் கண்ணை மூடிக்கொண்டு தவிட்டு மூட்டையில் உட்கார்ந்தார். "நான் சொன்னது உங்களுக்குக் கேக்கலியா?"

"கேட்டுச்சு மேடம். நீங்க வாளியப் பத்திச் சொன்னீங்க. இது அண்டா" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மடத்தனம் என்று எனக்கே கேட்டது.

டொக்டர் வரக்காப்பொலக்காரரைக் கூப்பிட்டு, உனக்குத் தெரியுமா என்று கேட்டார். "அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சாங்கன்னு நெனச்சேன், மேடம்" என்றார் அவர். அப்போதும் என்னைக் காட்டிக் கொடுத்த மாதிரி அவருக்குத்தான் முகம் சுருங்கியது. டொக்டர் என்னை அங்கேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அதற்கு முன் எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்று தெரியாத கோபம். "அவரு வீட்டுல குதிரை இருக்கா, மேடம்? நான் தெனமும் குளிச்சிட்டு லயத்துக்குப் போய்த்தானே வரேன்? அவரும் குளிச்சிட்டுப் போகட்டும். அவரு வேலைய நான் செய்றேன்."

"தெர்மோமீட்டர்?"

"பின்பக்கமும் நான்தான்."

டொக்டர் கோப்பையை மூட்டை மேல் வைத்துவிட்டு எழுந்தார். "ரெண்டு நாள்" என்றார்.

வரக்காப்பொலக்காரர் குளித்ததையும் உடுத்ததையும் நான் பார்க்கவில்லை, ஏழரைக்குப் பாதையில் ஓடியதை மட்டும் பார்த்தேன். அன்று காலை கறுப்பை விட்டு மற்ற ஏழு வாலையும் நானே தூக்கினேன், ஒவ்வொன்றுக்கும் கை கழுவி. மண்ணிறம் உதைத்தது. தொடையில் ஒரு கை அளவுக்குக் கன்றிப்போனது. டொக்டர் தைலம் போட்டுவிட்டு, "இதுவும் குதிரை மருந்துதான்" என்றார். அவ்வளவு கோபத்துக்குப் பிறகு இருவரும் சிரித்தோம். வெள்ளைக்குக் கட்டி வரும்போல இருந்தது, மண்ணிறத்துக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. இரண்டும் பிழைத்துக்கொள்ளும் என்றார் டொக்டர்.

வரக்காப்பொலக்காரர் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். பெண் பிள்ளை. ஒன்பது மணிக்குப் பிறந்திருக்கிறது. அவர் ஆஸ்பத்திரியை எட்டிப் பிடித்தது பத்தரைக்கு. "ஒன்றரை மணி நேரம்தான், அக்கே. முதல் புள்ளைய நாலு மாசத்துலதானே பார்த்தேன்! நீங்க பேசலன்னா அதுவும் இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று அங்கே நான் நின்றதும் போனதும் அவருக்குத் தெரியாதா? திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

ஃபோனில் வீடியோ போட்டு மனைவியைக் கூப்பிட்டு என்னிடம் தந்தார். வெளிறிய முகம், நல்ல சிரிப்பு. "நீங்கதானா அந்த அக்கா?" என்று கேட்டாள். "உள்ள போக முதல் மூணு தரம் வாசலத் திரும்பிப் பார்த்தேன், அக்கே. அவரைக் காணல. பரவாயில்ல, பிறகு வந்துட்டார்தானே."

இந்தத் தோட்டத்தில் யார் என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. துரைக்குச் சொல்லியிருக்கிறேன், கங்காணிக்குச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் மட்டும், பிள்ளையைக் காட்டும்மா என்றேன். காட்டினாள். அழகான பிள்ளை, நிறைய முடி. செவ்வாய்க்கிழமையே நான் வாயைத் திறந்திருக்கலாம்.